கேட்முக்கில் மேம்பாலம் வராமல் போன கதை

1. முதல் நாளும் எண்ணெயில் கிடந்த வடையும்

முதல் நாள் டியூட்டியில் கேட் ரூம் ஃபோன் அடித்தபோது என் கை வியர்த்து ரிசீவர் வழுக்கியது. அந்தப் பக்கம் ஸ்டேஷன் மாஸ்டர்.

"கூட்ஸ் வருது. கேட் அடைச்சிட்டு பிரைவேட் நம்பர் தா."

கேட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரயில் வருகிறது என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னதும் நாம் வின்ச் கைப்பிடியைச் சுற்றிக் கேட்டை இறக்கிப் பூட்ட வேண்டும். நம்மிடம் அச்சடித்த எண்கள் உள்ள ஒரு தாள் இருக்கும். அதில் அடுத்த எண்ணை அவரிடம் சொல்லிவிட்டு, பேனாவால் அடித்துவிட வேண்டும். ஒரு எண் ஒரு தடவைதான். அதைச் சொல்லிவிட்டால் 'கேட் பூட்டியாயிற்று, நான் பொறுப்பு' என்று சத்தியம் செய்த மாதிரி. அதை நம்பித்தான் அவர் சிக்னல் கொடுப்பார்.

பூட்டினேன். எண்ணைச் சொன்னேன். பச்சைக்கொடியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து நின்றேன். இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்தன. ஒரு பஸ், மூன்று லாரி, ஏழெட்டு ஆட்டோ. எங்கள் தென்காசிப் பக்கத்தில் கேட் அடைத்தால் கேட்கீப்பரின் குலத்தையே இழுத்துத் திட்டுவார்கள். அதற்குத் தயாராகத்தான் நின்றேன். இங்கே பஸ் கண்டக்டர் சிரித்துக்கொண்டே இறங்கினார். லாரிக்காரர்கள் சோம்பல் முறித்தார்கள். எல்லோரும் கேட்டை ஒட்டியிருந்த சாயாக்கடைக்கு நடந்தார்கள், ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் போல.

கூட்ஸ் போனது. கடைசி வேகன் இதுதான் என்று காட்டும் போர்டைப் பார்த்துவிட்டு வின்ச்சில் கை வைத்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏ புள்ளே! ரெண்டு நிமிஷம் நில்லு. வடை எண்ணெயில கிடக்கு!"

திரும்பிப் பார்த்தேன். தலையில் தட்டம் என்கிற முக்காடு போட்ட ஒரு பெண், கையில் சல்லிக்கரண்டியோடு.

"என்னது?"

"வடைன்னு சொன்னேன். பழைய கேட் சேட்டன் நிறுத்தித் தருவாரே?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போதும் வரும். அன்று பயமும் சேர்ந்துகொண்டது.

"ரயில்வே என்ன உங்க அடுப்புக்காகவா ஓடுது? ரயில் போனா கேட்டத் திறக்கணும். அதுதான் ரூல்ஸு!"

திறந்துவிட்டேன். கண்டக்டர் பாதி சாயாவை வைத்துவிட்டு ஓடினார். சட்டியில் பன்னிரண்டு வடை வாங்க ஆளில்லாமல் கிடந்தது. அந்தப் பெண் என்னை எரித்துவிடுவது போல் பார்த்தார். கால் மணி நேரம் கழித்து ஒரு டம்ளர் சாயாவும் இரண்டு வடையும் கேட் ரூம் ஜன்னலில் வந்து உட்கார்ந்தன.

"தின்னு. உன்னாலதானே ஆறிப்போச்சு."

அவர்தான் சுபைதா இத்தா. இத்தா என்றால் அக்கா. பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பெண், தமிழ்தான் வீட்டு பாஷை. அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் நாங்கள் அந்த ஜன்னல் வழியாகச் சண்டை போட்டோம்.

2. கேட் அடைத்தால் பிழைக்கும் ஊர்

என் பெயர் முத்துலட்சுமி. என் வீட்டுக்காரர் இந்த லைனில் டிராக்மேன். காமாலையில் போய்ச் சேர்ந்தார். அவர் போனதால் எனக்குக் கிடைத்த வேலை இது. வரும்போது மலையாளத்தில் எனக்குத் தெரிந்தது மூன்று வார்த்தை: சாயா, சேட்டன், மதி. 'போதும்' என்பதற்கு மதி. அந்த மூன்றை வைத்தே ஒரு வருஷம் ஓட்டினேன்.

எங்கள் ஊருக்குப் பெயர் கேட்முக்கு. மேப்பில் தேடாதீர்கள். விலாசத்தில் மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் என்று எழுதுவோம். மட்டாஞ்சேரிக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். காயல் பாலத்துக்கு இந்தப் பக்கம் கிடப்பதெல்லாம் மட்டாஞ்சேரியா என்பார்கள். ஆனால் எங்கள் பெண்கள் ஜூ டவுன் குடோன்களில்தான் சுக்கும் மிளகும் பொறுக்குகிறார்கள். ஆண்கள் அங்கேதான் மூட்டை தூக்குகிறார்கள். கொஞ்சம் பேர் கட்டட வேலைக்கு இடப்பள்ளி வரை போகிறார்கள். சாயங்காலமானால் எல்லோரும் தண்டவாளத்துக்குத் திரும்பி வருகிறார்கள்.

ஹார்பருக்கு லைன் போட்டபோது மண் சுமக்க வந்தவர்கள் அப்படியே தங்கி ஊர் உண்டானது என்று சொல்வார்கள். நான் விசாரித்தவரை அது பாதிதான் உண்மை. மண் சுமந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கிளம்பிவிட்டார்கள். ஊரை உண்டாக்கியது லைன் இல்லை, கேட். ரோட்டில் போகிற வண்டி இங்கே நின்றாக வேண்டும். நிற்கிறவனுக்குத் தாகம் எடுக்கும். இத்தாவின் மாமனார் ஒரு கெட்டிலோடு வந்து உட்கார்ந்தார். சாயா குடிக்கிறவன் டயரைத் தட்டிப் பார்ப்பான். பஞ்சர் கடை வந்தது. பிறகு வாழைப்பழம், லாட்டரி, மீன் கூடை. கடை போட்டவர்கள் பின்னால் ஓலையைக் கட்டினார்கள், ஓலை ஓடாயிற்று, ஓடு கான்கிரீட்டாயிற்று. நிலம் மட்டும் யாருடையதும் இல்லை. புறம்போக்கு. ஒருத்தர் கையிலும் பட்டா கிடையாது.

கிழக்கே தண்ணீர்க் குழாய், ரேஷன் கடை, அங்கன்வாடி. மேற்கே வீடுகள், பள்ளிவாசல், மாதா குருசடி. நடுவில் நான்.

ரயிலைக்கூட எங்கள் ஊரில் பலகாரத்தின் பெயரால்தான் சொல்வார்கள். பதினொன்றரை மணி கூட்ஸ் என்றால் பழம்பொரி கூட்ஸ். நாலு மணி வண்டி வடை வண்டி. "இன்னைக்கு பழம்பொரி லேட்டாடி?" என்று இத்தா ஜன்னல் வழியாகக் கேட்பார். ஸ்டேஷன் மாஸ்டரே சொல்லாததை நான் எப்படிச் சொல்ல முடியும்? "எனக்குத் தெரியாது, மாவைக் கரைக்காதீங்க" என்பேன். கரைத்து வைத்துவிட்டுத்தான் கேட்பார்.

3. ஏழு நாள் திருவிழா

ரிட்டயர்மென்ட்டுக்கு மூன்று வருஷம் இருந்தது. ஒரு நாள் செக்‌ஷன் இன்ஜினியர் பிரதீப் சார் டிராலியில் வந்து இறங்கினார். கோட்டயத்துக்காரர், சின்ன வயசு. சேலத்தில் வேலை பார்த்ததால் தமிழ் பேசுவார்.

"சேச்சி, அடுத்த வாரம் இந்த கேட்டுக்கு சென்சஸ். ஏழு நாள். பகல்ல நீங்க எழுதணும்."

கேட்டில் ஒரு நாளைக்கு எத்தனை ரயில் போகிறது, எத்தனை வண்டி போகிறது, இரண்டையும் பெருக்கினால் ஒரு எண் வரும். அந்த எண்ணை வைத்துத்தான் கேட்டின் தலையெழுத்து. லாரி, பஸ், கார், மாட்டுவண்டிக்கு ஒன்று. ஆட்டோவுக்கு அரை. சைக்கிளுக்கும் பைக்குக்கும் கால். நடந்து போகிறவர்களுக்குக் கட்டமே இல்லை.

"எண் குறைஞ்சா என்ன சார்?"

"ரயிலும் இப்ப குறைஞ்சு போச்சு இல்லையா? கேட்டை எடுத்துட்டு ரெண்டு பக்கமும் சுவர் வைப்பாங்க. அடுத்த கேட்டுக்கு சுத்திப் போகணும்."

"சுத்தினா மூணு கிலோமீட்டர் சார். இங்க தண்ணிக்குழா கிழக்க இருக்கு."

"தெரியும் சேச்சி. நான் என்ன பண்ண?"

அவர் போனதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. இத்தாவிடம் சொன்னேன். இத்தாவிடம் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி. சாயங்காலம் கடை முன்னால் ஊரே நின்றது. எல்லோருக்கும் முன்னால் ஜோசி. மேற்கே குருசடிக்குப் பக்கத்து வீட்டுப் பையன், ஆட்டோ ஓட்டுகிறவன். மலையாளிதான், ஆனால் எங்கள் தமிழ்க்காரர்கள் நடுவில் வளர்ந்ததால் இரண்டையும் கலந்து பேசுவான்.

"வண்டிக் கணக்குதானே வேணும்? சேச்சி பேடிக்கண்டா, பயப்படாதீங்க. நாங்க ஓட்டறோம்."

"எலே, பொய்க் கணக்கு எழுத மாட்டேன். கண்ணால பார்த்ததத்தான் எழுதுவேன். சொல்லிட்டேன்."

"அது மதி சேச்சி. நீங்க கண்ணால பார்க்கிற மாதிரியே போறோம்."

உண்மையைச் சொன்னால், அவனைத் தடுக்க நான் விரும்பவில்லை. சுவர் வந்தால் என் வேலையும் வேறெங்கோ போகும், குவார்ட்டர்ஸும் போகும். கடை காலியான பிறகும் இத்தா பாய்லரைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த ஏழு நாளும் கேட்முக்கில் திருவிழா. ஜோசி ஒரு நாளைக்கு நாற்பது தடவை போனான், வந்தான். ஒரே ஆட்டோ என்று தெரியக்கூடாதாம். காலையில் கண்ணாடிக்கு மேலே பூமாலை, மத்தியானம் மாலை இல்லாமல், சாயங்காலம் சட்டையை மாற்றிக்கொண்டு. மீன்காரர்கள் சைக்கிளைத் திருப்பித் திருப்பி ஓட்டினார்கள். இடப்பள்ளியில் வேலை பார்க்கிறவர்கள் முதலாளியின் டிப்பர் லாரியைச் சாப்பாட்டு நேரத்தில் கொண்டுவந்து ஒரு சுற்றுக் காட்டிவிட்டுப் போனார்கள். இத்தா மட்டாஞ்சேரி குடோனிலிருந்து ஒரு கைவண்டியை வாங்கி வந்து, வெறும் சாக்கைப் போட்டுத் தள்ளினார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? மாட்டுவண்டிக் கட்டத்தில் எழுதினேன்.

"மாடு எங்கன்னு கேட்டா என்ன சொல்ல இத்தா?"

"நான்தான்னு சொல்லு. அல்லா மன்னிப்பான்."

ஒவ்வொரு கோடும் உண்மை. ஒவ்வொரு வண்டியும் என் கண் முன்னால்தான் போனது. ஏழாம் நாள் அடியில் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு எனக்கு நல்ல சந்தோஷம், அதை மறைக்க மாட்டேன்.

4. சுவரில் சிவப்புக் குறி

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் நாலு பேர் முக்காலியில் கருவியை நிறுத்திக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பெயிண்ட் டப்பாவோடு வீடு வீடாகப் போய்ச் சுவரில் சிவப்பாகக் குறி போட்டான். பஞ்சர் கடையில் ஒன்று. ஜோசி வீட்டுப் படிக்கட்டில் ஒன்று. இத்தாவின் கடையில், பாய்லருக்கு மேலே ஒன்று.

இத்தா ஜன்னலுக்கு வந்தார். "எலெக்‌ஷன் ஏதாச்சும் வருதாடி? கேக்காம கொள்ளாம சுவத்துல பெயிண்ட் அடிக்கான்."

அப்போதுதான் பிரதீப் சார் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"சேச்சி, உங்க கேட் ஜெயிச்சிருச்சு! இவ்வளவு டிராஃபிக் இருக்கும்னு யாரும் நினைக்கல. கேட் போதாதுன்னு எழுதிட்டாங்க. மேம்பாலம்!"

"பாலம்னா... எங்க இறங்கும் சார்?"

அவர் கையை நீட்டிக் காட்டினார். கிழக்கே ரேஷன் கடைக்கு அப்பால் ஏறி, மேற்கே குருசடி தாண்டி இறங்குமாம். நடுவில் உள்ள தூண்கள் எல்லாம் சிவப்புக் குறி போட்ட இடங்களில். பதினேழு வீடு, ஒன்பது கடை. பட்டா இருந்தால் நஷ்டஈடு கிடைக்கும். ஒருவரிடமும் இல்லை.

"அதுக்கப்புறம் கேட்?" என்று கேட்டேன்.

"பாலம் வந்தா கேட் எதுக்கு?"

அவர் போன பிறகு கடையில் எல்லோரிடமும் சொன்னேன். சுவர் வந்துவிடக் கூடாது என்று ஏழு நாள் ஓடினோம். ஓடிய ஓட்டத்தில் பாலத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். எங்கள் தலையில் நாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம், அதுவும் நாற்பது நடை. இந்த ஊருக்குக் கேட் திறந்தே கிடந்தாலும் பிழைப்பில்லை, அடைத்தே கிடந்தாலும் பிழைப்பில்லை. திறந்து அடைத்து, அடைத்துத் திறக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயம் ஏழு நாளும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

இத்தா பாய்லருக்கு மேலே இருந்த குறியைத் துணியால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை.

"பஸ்ஸு தலைக்கு மேல போனா நான் வடைய மேல வீசி எறியணுமா லட்சுமி?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்புறம் தட்டத்தால் முகத்தை மூடிக்கொண்டார்.

5. ஜோசி எழுதிய கடுதாசி

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஃபோன் அடிக்கும், கேட்டை அடைப்பேன், பிரைவேட் நம்பர் சொல்வேன். சொல்லும்போதெல்லாம் நாக்கு இடறியது. இத்தனை வருஷத்தில் பூட்டாத கேட்டுக்கு நான் ஒரு நாளும் நம்பர் கொடுத்ததில்லை. இந்த ஒரு சென்சஸ் தாளில் மட்டும் பூட்டாமலே கொடுத்துவிட்டேன் என்று மனசு சொன்னது. கோடு உண்மை, கணக்கு பொய்.

பாலத்துக்கான காகிதம் மேலே போவதற்கு முன்னால் நானே போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சார்ஜ் ஷீட் வரும். வேலையே போனாலும் போகும். கடைசி மூன்று வருஷத்தில் இப்படி ஒரு கறை. பயமாக இருந்தது. ஆனால் இத்தா கடைச் சுவரைப் பார்த்துக்கொண்டு எட்டு மணி நேரம் டியூட்டி பார்ப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு மலையாளம் பேசத்தான் வரும், எழுத வராது. ஜோசிக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத வராது. கடைப் பெஞ்சில் உட்கார்ந்து நான் சொன்னேன், அவன் மலையாளத்தில் எழுதினான்.

"'ஒரே ஆட்டோ ஒரு நாளைக்கு நாற்பது தடவை போனதை நான் அறிவேன்'னு எழுது."

எழுதினான். பேனாவை நிறுத்தினான்.

"எந்த ஆட்டோன்னு சொல்ல வேண்டாமா சேச்சி?"

"உன் பேரு வேண்டாம்லே. கையெழுத்துப் போட்டது நான்."

"சேச்சி மட்டும் எதுக்கு மாட்டணும்?" என்றான். குனிந்து தன் பெயரையும் வண்டி நம்பரையும் எழுதினான். கடைக்குள்ளிருந்து இத்தா கத்தினார்: "மாட்டுவண்டி மாடு பேரையும் எழுதுடா! சுபைதான்னு எழுது!"

எர்ணாகுளம் ஆபீசில் பிரதீப் சார் அதை வாசித்தார். முதல் பக்கத்தில் முகம் சிவந்தது. இரண்டாம் பக்கத்தில் மாடு வந்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். அப்புறம் மறுபடியும் சிவந்தது.

"இது விளையாட்டா சேச்சி? நானும் கீழ கையெழுத்துப் போட்டிருக்கேன். என்னையும் கேப்பாங்க. தெரியுமா?"

"தெரியும் சார். திட்டுங்க. ஆனா அந்தக் காகிதத்த அனுப்பாதீங்க."

"முன்னாடியே இதை ஏன் சொல்லல?"

"சுவருக்குப் பயந்து சார்."

அவர் கடுதாசியை மடித்துக் கோப்பில் வைத்தார். "போங்க. சார்ஜ் ஷீட் வரும். என்னால தடுக்க முடியாது. சென்சஸ் மறுபடியும் எடுப்பாங்க. இந்தத் தடவை வேற செக்‌ஷன் ஆளுங்க எண்ணுவாங்க. நீங்க அந்தத் தாளைத் தொடவே கூடாது."

6. கட்டம் இல்லாதவர்கள்

இரண்டாவது சென்சஸ் தொடங்கிய அன்று வேறு ஊரிலிருந்து வந்த இரண்டு பேர் குடைக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். காலை ஏழு மணி. எட்டு மணி. உள்ளூர் வண்டி ஒன்றையும் காணோம். ஆட்டோக்கள் எல்லாம் சாமி புறப்பாட்டுக்கு நிற்பது போல மேற்கே வரிசையாக நிற்கின்றன. மீன்காரர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வருகிறார்.

ஜோசியைக் கூப்பிட்டேன். "என்னலே இது?"

"பாலம் வரக்கூடாதே சேச்சி. அதுகொண்டு யாரும் வண்டி எடுக்கல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "அட மூளை கெட்டவனே! இப்ப சுவர் வரும்டா! எல்லாரும் எப்பவும் போல போங்க! கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்! எப்பவும் போலன்னா உங்களுக்கு என்னன்னு தெரியாதா?" குடைக்கு அடியில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஜோசி முதல் ஆளாக வண்டியை எடுத்தான். ஒரே ஒரு தடவை.

அதற்குப் பிறகு எண்ணும் ஆட்களுக்கு அதிக வேலை இல்லை. அவர்கள் கோடு போடாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் நான் கவனித்தேன். கேட்டில் ஆள் போய்க்கொண்டேதான் இருந்தது. பெரிய கேட்டுக்குப் பக்கத்தில் நடப்பவர்களுக்கென்று சின்னக் கேட் ஒன்று உண்டு. அதன் வழியாக ஓயாமல் ஆள் போகிறது, வருகிறது. ஒருவருக்கும் கோடு இல்லை. முதல் சென்சஸில் என் முன்னால் இதே கூட்டம்தானே போயிருக்கும்? நான் அப்போது வண்டியைத்தான் பார்த்தேன். வாயைத் திறந்தால் ஊரைப் பற்றிப் பேசுகிற நான், ஊரையே எண்ணாமல் விட்டிருக்கிறேன்.

ஒரு நோட்டை எடுத்தேன். அரசாங்கத் தாளைத்தானே தொடக்கூடாது, என் நோட்டைத் தொடக்கூடாதென்று யாரும் சொல்லவில்லை. டியூட்டிக்கு நடுவே, ரயில் இல்லாத நேரமெல்லாம் எழுதினேன். ஏழு நாள். முடிந்ததும் கேட் ரூமுக்கு வந்த பிரதீப் சாரிடம் நீட்டினேன்.

"எனக்குத் தமிழ் வாசிக்க வராது சேச்சி. நீங்களே வாசிங்க."

வாசித்தேன். "காலை ஆறு மணி. சுபைதா இத்தா, இரண்டு குடம், போக வர ஆறு தடவை. ஆறரை. குடோன் பெண்கள் பத்தொன்பது பேர், பஸ்ஸுக்கு. ஏழே கால். பஞ்சர் கடைக்காரர் மனைவி, கைக்குழந்தை, ஆஸ்பத்திரிக்கு. ஒன்பது. அங்கன்வாடிப் பிள்ளைகள், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருபத்தாறு. பத்து. வாதம் வந்த மரியச் சேடத்தி, வாக்கரோடு, ரேஷன் கடைக்கு. கேட்டைக் கடக்க நாலு நிமிஷம். சுற்றிப் போனால் மூன்று கிலோமீட்டர்."

அடுத்த பக்கம் திருப்பினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மதி சேச்சி. இதை மலையாளத்துல எழுதிக் கொடுங்க. முழுசா."

ஜோசிதான் எழுதினான். இரண்டு ராத்திரி அவன் வண்டி ஓட்டவில்லை.

வண்டிக் கணக்கு சரியாகத்தான் வந்தது. பாலத்துக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. கேட்டை வைத்துக்கொள்ளவும் கொஞ்சம் போதவில்லை. பிரதீப் சார் எங்கள் நோட்டை அந்தக் கணக்கோடு சேர்த்து வைத்து, இங்கே சுவர் வைக்கக்கூடாது என்று தன் கைப்பட எழுதி மேலே அனுப்பினார். பதில் வந்தது. 'மறு உத்தரவு வரும் வரை கேட் தற்போதைய நிலையிலேயே தொடரலாம்.'

எனக்குச் சார்ஜ் ஷீட் வந்தது. ஒரு வருஷ இன்கிரிமென்ட் நின்றது. என் சர்வீஸ் புத்தகத்தில் அந்த ஒரு வரி இன்றைக்கும் இருக்கிறது. இருக்கட்டும். தப்புக்குத்தான் வந்தது.

7. ஜன்னலுக்கு வெளியே

நான் ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. ஊருக்குத் திரும்பி வரச்சொல்லித் தென்காசியில் அண்ணன் கூப்பிட்டார். போகவில்லை. இத்தா கடைக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துக்கொண்டேன். இத்தாவுக்குக் கை நடுங்குகிறது. காலையில் நான்தான் மாவு அரைக்கிறேன், சாயங்காலம் சட்டிக்கு முன்னால் நிற்கிறேன். மறு உத்தரவு இன்னும் வரவில்லை. எந்த மேஜையில் தூங்குகிறதோ, நன்றாகத் தூங்கட்டும்.

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். கையில் ஒரு படிவத்தைக் கொடுத்து எண்ணச் சொன்னால், முதலில் அதில் எந்தக் கட்டம் இல்லை என்று பாருங்கள். அந்தக் கட்டம் இல்லாதவர்களைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தப்பாக எழுதிவிட்டால் காகிதம் மேலே போவதற்குள் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள். திட்டு வாங்கிக்கொண்டு வந்து நிம்மதியாகச் சாப்பிடலாம்.

இப்போது கேட்டில் இருப்பது பீகார்ப் பையன், மனோஜ். வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அவனுக்கு மலையாளத்தில் நாலைந்து வார்த்தை தெரியும். போன வாரம் வடை வண்டி வந்தது. கேட் அடைத்தான். இரண்டு பஸ், ஒரு டூரிஸ்ட் வேன், கடை நிறையக் கூட்டம். நான் ஒரு ஈடு வடையைப் போட்டேன். அது ஒரு பக்கம்கூடச் சிவக்கவில்லை, ரயில் போய்விட்டது. மனோஜ் வின்ச்சில் கை வைத்தான்.

என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"ஏ தம்பி! ரெண்டு நிமிஷம் நில்லு! வடை எண்ணெயில கிடக்கு!"

அவன் திரும்பிப் பார்த்தான். பச்சைக்கொடி கக்கத்தில். அன்றைக்கு என் முகம் எப்படி இருந்திருக்குமோ, அப்படி ஒரு முகம்.

"பற்றில்லா சேச்சி! ரூல்ஸ்!"

முடியாதாம். திறந்துவிட்டான். கண்டக்டர்கள் ஓடினார்கள், வேன் கிளம்பியது, சட்டியில் பதினான்கு வடை வாங்க ஆளில்லாமல் மிதந்தது. உள்ளே கட்டிலில் படுத்திருந்த சுபைதா இத்தா கட்டில் ஆட ஆடச் சிரித்தார்.

எனக்குக் கோபமான கோபம். இரண்டு வடையை எடுத்துத் தட்டில் வைத்தேன், ஒரு சாயா ஆற்றினேன், கொண்டுபோய் கேட் ரூம் ஜன்னலில் வைத்தேன்.

"தின்னு," என்றேன். "உன்னாலதானே மிஞ்சிப்போச்சு."